கசிவுச் சாமியின் காதோடு வாக்கு

யுத்த காலம். ஆளை ஆள் நம்பாத காலம். சோதனைச் சாவடியில் பாண் ரொட்டியைக்கூடப் பிய்த்துப் பார்த்தார்கள். பெரியாஸ்பத்திரி வாசலில் குந்தியிருந்த கசிவுச் சாமியை மட்டும் ஒருவரும் சோதிக்கவில்லை!

குடலில் புற்றுநோய்க் கட்டியை வெட்டி, மிச்சக் குடலை டொக்டர் பொருத்தித் தைப்பார். தைத்த இடம் கசியுமா? டொக்டருக்கே சில நாள் பார்த்துத்தான் தெரியும். சாமிக்கோ தேங்காயைக் காதில் வைத்தால் போதும். முன்னேஸ்வரத்துச் சைவரும் சிலாபத்துக் கத்தோலிக்கரும் கற்பிட்டி முஸ்லிம்களும் அங்கேதான் ஒற்றுமையாக வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காதுக்குள் சொல்வார். "வெளியில கதையாத. வாய் திறந்தால் தையல் திறக்கும்!"

உடப்பு ஊர்த் தவமணிக்குக் கிடைத்த வாக்கு, "கசியாது." பாரைக் கருவாட்டைக் காணிக்கை வைத்துவிட்டு மிதந்தபடி வார்ட்டுக்குப் போனாள். அங்கே குடல் வெட்டித் தைத்திருந்த புருஷன் அம்பலவாணர் குளிர்காய்ச்சலில் நடுங்கினார். வயிறு பானைபோல் வீங்கியிருந்தது. நேர்ஸிடம் சொன்னால் சாமியைச் சந்தேகித்ததாகிவிடாதா? நேர்ஸ் காய்ச்சல் பார்க்க வருமுன், சூடு தணியக் களவாக ஒரு குளிசை மாத்திரையைக் கொடுத்துப் போர்வையை இழுத்து மூடினாள். பக்திக்குத்தான் எவ்வளவு கெட்டித்தனம்!

பக்கத்துக் கட்டிலில் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்த மர்ளியா, வடக்கிலிருந்து துரத்தப்பட்டுக் கரைத்தீவுக்கு வந்தவள், நேர்ஸைக் கூப்பிட வாயெடுத்தாள். தவமணி பொத்தினாள்.

"ஐயோ பிள்ளை, தையல் திறந்திடும்! சாமி சொன்னவர்..."

"சாமியா? வாப்பாவுக்குக் கசியாது எண்டு என்னட்டச் சொன்னார். எங்கட மூத்தவர் ஜபார் நானாட்டக் கசியும் எண்டாராம். வாப்பாவுக்கு இருக்கிறது ஒரு குடல்தானே, அக்கா! வாங்க, கேட்டிட்டே வருவம்."

வாசலில் மர்ளியா சத்தம் போட்டாள். "ஒரே வீட்டில ரெண்டு பேர் வாக்குக் கேட்டவங்க முன்னுக்கு வாங்க! நான் கை தட்டினதும் சேர்ந்து சொல்லுங்க."

தட்டினாள்.

"கசியும்!" "கசியாது!"

புருஷனும் பெண்சாதியும் முறைத்துக்கொண்டார்கள். மாமியும் மருமகனும் முறைத்துக்கொண்டார்கள். தவமணி "கசியாது" என்றபோது, பக்கத்தில் "கசியும்" என்று கத்தியது அவளுடைய சொந்த அண்ணன் சிவகுரு!

"வீட்டுக்கு ஒராளுக்கெண்டாலும் உண்மைதானே சொன்னனான்!" என்று சாமி எழும்பி ஓடினார். தேங்காயை விட்டார், கருவாட்டை விடவில்லை.

தவமணி அதைப் பார்க்க நிற்கவில்லை. "மிஸ்ஸி! அவருக்கு நடுக்கம்! நான்தான் ஒளிச்சனான்!" என்று வார்ட்டுக்குள் நேர்ஸைப் பார்த்துக் கதறினாள். அம்பலவாணரைத் திரும்ப ஒபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகையில், பிடித்த அவர் காலை விடவே மனமில்லை அவளுக்கு.

"கசிஞ்சுதான் இருந்தது. திரும்பத் தைச்சிட்டம். இன்னும் பிந்தியிருந்தால் ஆள் இல்லை," என்றார் டொக்டர்.

வெளியே ஒருத்தி குசுகுசுத்தாள்: "அக்கா, கற்பிட்டியில ஒருத்தர் முட்டை வைச்சுப் பார்ப்பாராம். அப்பிடியே பலிக்குமாம்."

"நோயாளி கட்டிலில கிடக்க, நீ முட்டையைப் பாக்கப் போறியோ?" என்றாள் தவமணி.

குசுகுசுத்தவள் கற்பிட்டிக்குப் போனாளா என்று கேட்காதீர்கள். நீங்கள் போவீர்களா என்று யோசியுங்கள்.