மூன்று ஞாயிறுகள்

லிஃப்ட் மெக்கானிக் அம்மாவுக்குப் போன் செய்து மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. பத்து வருடமாக ஞாயிறு காலை பத்து மணி தவறாத பிள்ளை.

முதல் ஞாயிறு, இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பல் டாக்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது ஞாயிறு, "போன வாரம் ஏன் கூப்பிடலை?" என்று கேட்பாளே என்ற பயம். மூன்றாவது ஞாயிறு, இரண்டுக்கும் சேர்த்துப் பயம்.

தங்கையைக் கூப்பிட்டான். "எனக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

"என்கிட்ட மட்டும் கணீர்னு பேசறியே?"

"சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "சொல்லிட்டேன். அப்பாதான் எடுத்தார். அம்மா மாடியில துணி காயப்போடுறாளாம்."

நிம்மதியாகச் சாய்ந்தான். மனைவி பெருமையாக வந்து நின்றாள். "உங்க மானத்தைக் காப்பாத்திட்டேன். நீங்க வெளியூர் வேலையா போயிருக்கீங்கன்னு காலையிலேயே மாமாகிட்ட சொல்லியாச்சு. அத்தை மாடியில துணி காயப்போடுறாங்களாம்."

ஆக, ஊரிலும் இல்லை, தொண்டையும் இல்லை. இனி போனில் சமாளிக்க முடியாது.

அடுத்த ஞாயிறு, கழுத்தில் மஃப்ளர், கையில் காலிப் பெட்டியோடு கொட்டும் மழையில் அப்பா வீட்டுத் தெருவில் இறங்கினான். டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று திக்கித் திணறி வந்து, அவன் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

அப்பா கதவைத் திறந்தார். முகம் வெளிறியது.

"அம்மா எங்கேப்பா?" தொண்டை கட்டியதை மறந்து கேட்டான்.

"மாடியில... துணி காயப்போடுறா."

"இந்த மழையிலயா?"

அப்பா மழையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

அவன் பெட்டியைக் கீழே போட்டான். "அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு, மறைக்கறீங்க. எல்லாம் என்னாலதான். நான் ஊருக்கும் போகலை, தொண்டையும் கட்டலை. கூப்பிட மறந்துட்டேன்ப்பா, அவ்வளவுதான். ரொம்ப அழுதாளா?"

அப்பா பெருமூச்சு விட்டு, துண்டை எடுத்து மகனின் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

"உன்மேல சேறடிச்சதே அவதான்டா. கார் ஓட்டக் கத்துக்கறா. அவளுக்குக் கிடைச்ச வகுப்பு ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான். நீ ஒரு வாரமாவது கூப்பிட மறக்க மாட்டியான்னு எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தா தெரியுமா?"