எரிச்சலுக்குப் பத்துப் புள்ளி

முதலில் கேட்டது சத்தந்தான். "டனோ! டனோ!" என்று, பிடிக்க மறுக்கிற தண்ணி இறைப்பு மெஷின் மாதிரி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் மாடிப்படி ஏறிப் பார்த்தால், முப்பது பேர் யப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தார்கள். யப்பானுக்குப் போகாதவர்களிடம் ஊரே துக்கம் விசாரிக்கிற காலம்.

நீர்வேலி வாழைத்தோட்டக்காரன் கஜானனுக்கு யப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை சரி. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு வேணும்: வகுப்புப் பரீட்சையில் சித்தி, அரசாங்கக் கந்தோரில் வதிவிட அத்தாட்சிக் கடிதம்.

நிவேதனா மிஸ் விதியை அறிவித்தா. "எரிச்சலோடை உதாரணம் அடுக்கேக்கை ஒவ்வொண்டுக்கும் பின்னாலை டனோ. முதல் தமிழிலை பழகுங்கோ."

கஜானன் எழும்பினான். "தேங்காய் டனோ, பழம் டனோ, வெத்திலை டனோ..."

"தம்பி, அருச்சனைத் தட்டே அடுக்கிறீர்? எரிச்சல் எங்கை?"

"வருகுதில்லை மிஸ்."

"கந்தோருக்குப் போயிட்டு வாரும்."

எப்படியும் போகவேண்டியவன்தான். இலிகிதர் தம்பிஐயா, ஊர் விதானையார் கொடுத்த கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போன மாதத் திகதி."

"போன மாதம்தானே ஐயா உங்களிட்டைத் தந்தனான்?"

"அதுதான் பழசாப்போச்சு. புதுசு கொண்டுவந்தாலும் கையெழுத்துக்குச் சண்முகநாதன் சேர் இல்லை. 'பொதுமக்களை இன்முகத்துடன் அணுகுதல்' பயிற்சிநெறிக்குச் சமுகமளித்துள்ளார்."

"எப்ப வருவார்?"

"இன்முகம் வந்த உடனை."

விதானையாரிடம் புதுக் கடிதம் வாங்கிக்கொண்டு நாலு நாள் அலைந்தான். வியாழக்கிழமை பரீட்சை. காலை வகுப்புக்காரரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில், பொக்கற்றில் மூன்று பேனையோடு இருந்த ஒருவர் எழும்பி முழங்கினார்.

"கடிதம் டனோ! கையெழுத்து டனோ! சீல் டனோ! ஒவ்வொரு நாளும் ஒரு வாழைக்காரன் வந்து நிக்கிறானாம், இலிகிதர் போன் எடுத்து உயிரை வாங்கிறான்!"

"பத்துக்குப் பத்து, சண்முகநாதன் சேர்!" என்றா மிஸ்.

கஜானன் கடிதத்தை நீட்டினான். "அந்த வாழைக்காரன் நான்தான் சேர். பேனையும் இருக்கு. ஒரு கையெழுத்து..."

"தம்பி, பயிற்சி நேரத்திலை கடமை செய்யிறது விதிக்கு மாறு. என்ரை கடிதமே கிடப்பிலை கிடக்கு. அதுக்கு மேலதிகாரி கையெழுத்து வைக்கவேணும்."

"அவர் எங்கை?"

"பின்னேர வகுப்பிலை."

"கடிதம் டனோ!" கஜானனின் குரலில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "திகதி டனோ! பயிற்சி டனோ! இன்முகம் டனோ!"

மிஸ் பத்துக்குப் பத்துப் போட்டா. முதலில் கைதட்டியது சண்முகநாதன்.

"அருமையான எரிச்சல்! எங்கை பழகினனீர்?"

"உங்கடை கந்தோரிலைதான் சேர்."

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அத்தனை பேரும் சித்தி. ஒருவருக்கும் கடிதமில்லை.

தோட்டத்தில் கஜானன் சாரத்தை மடித்துக் கட்டினான். மெஷின் இரண்டுதரம் திணறிப் பிடித்தது. முதற்பாத்தி நிறைந்ததும், மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி, அடுத்த வாழைக்குத் தண்ணியைத் திருப்பினான்.