எத்தனால் குடித்த கார்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் பணிவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மனைவி சொன்னாலும் சரி, மெக்கானிக் சொன்னாலும் சரி, காரைக்காலே திரண்டு வந்து சொன்னாலும் சரி. என் கார் நட்டநடு ரோட்டில் அணைந்து போவதற்குக் காரணம் பெட்ரோலில் கலக்கிற எத்தனால்தான்.

எத்தனால் என்றால் என்ன? சாராயம். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, குடித்துவிட்டு எங்கள் ஊர் ரோட்டோரத்தில் விழுந்து கிடப்பவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை மதுக்கடைகளுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தொடாமல் ஐம்பதைத் தாண்டியவன் நான். என் காரைக் குடிகாரனாக்கிவிட்டார்கள்.

முதல் தடவை காரைக்கால்மேட்டில், மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. வேகத்தடையில் ஏறி இறங்கியது, அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. சாவியைத் திருப்பினேன். எதுவுமே நடக்காததுபோல் ஓடியது. அடுத்த தடவை அம்பகரத்தூர் ரோட்டில், ஒரு பள்ளத்தில். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார்.

தலத்தெருவில் மெக்கானிக் மருதையனிடம் விட்டேன். அவர் ஃபில்டரை மாற்றினார், பேட்டரி வயரை இறுக்கினார், நாகூர் வரை ஓட்டிப் பார்த்தார். தன் கையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். எத்தனாலாக இருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம் பாய் என்றார். எனக்கு அது போதும். மறுநாளே வண்டி என் தெருமுனை வேகத்தடையில் நின்றது.

என் மனைவி ஜஸீலா ஒப்புக்கொள்ளவில்லை. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நானும் வந்தேன். வந்த கையோடு துபாய்க்குப் போய், தலை நரைத்துத் திரும்பினேன். வீடு அவளுடையது. வாடகைக்கு விட்ட கடைகள் அவளுடையவை. கொல்லையில் நிற்கிற தென்னைமரம்கூட அவளுடையது. எனக்கென்று ஒரு மரியாதை வேண்டாமா?

திரும்பி வந்ததுமே வீட்டுச் சாவிகள் அத்தனையும் வாங்கி, பித்தளை வளையத்தில் கோத்து, கார் சாவியோடு சேர்த்துக்கொண்டேன். நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் தெருவில், சஃபியுல்லா பாய் வருகிறார் என்பார்கள். அந்தக் கொத்து இருக்கிறவரை நான் வீட்டுக்காரன். இல்லையென்றால் பல வருஷமாகத் தங்கியிருக்கிற விருந்தாளி.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜஸீலா ஆரம்பித்தாள்.

"குடிகாரன்னா எல்லார் கையிலயும்தானே விழணும், மச்சான்? மருதையன் கையில ஏன் விழல?"

"எப்ப விழுவான்னு குடிகாரனுக்கே தெரியாது."

"வேற எதாச்சும் இருக்கும்."

"இருக்காது. எத்தனால்."

"இல்லன்னு ஆச்சுன்னா?"

"நீ கேக்கறதத் தர்றேன்."

அவள் யோசிக்கவே இல்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் நானாவது உஷாராகியிருப்பேன்.

"சாவிக்கொத்தத் தாங்க."

நான் ஜெயித்தால் என்ன தருவாய் என்று கேட்டேன். மச்சான் சொன்னதுதான் சரி என்று தெரு முழுக்கச் சொல்வதாகச் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து அவள் வாயில் வராத வாக்கியம் அது. ஆசை யாரை விட்டது, ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்பகரத்தூர் ரோட்டில் சோதனை. கிளம்பும்போது கொத்தை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்பேர் சாவியை நீட்டினாள். மருதையனிடம் நான் கொடுத்திருந்தது அந்த ஒற்றைச் சாவியைத்தான். வெளியாள் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியுமா?

வேகத்தடை வந்தது, பள்ளம் வந்தது, வண்டி நிற்கவில்லை. காலை நேரத்துக் குளிர்ச்சியில் எத்தனால் தூங்கும் என்று விளக்கினேன். அம்பகரத்தூரில் வண்டியைத் திருப்பியதும், இப்போது கொத்துச் சாவியைப் போட்டு ஓட்டுங்கள் என்றாள். போட்டேன். முதல் வேகத்தடையிலேயே பொசுக்கென்று நின்றது.

"பாத்தியா புள்ள? வெயில் ஏறுனதும் முழிச்சுக்கிச்சு."

ஓரமாக நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஓடவிடச் சொன்னாள். பிறகு ஒரே ஒரு விரலை நீட்டித் தொங்கிய கொத்தைக் கீழே இழுத்தாள். இன்ஜின் அணைந்தது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடி இழுத்தாள். அணைந்தது.

"இம்புட்டு இரும்பத் தொங்கவிட்டா சாவி போடுற எடம் தேயாதா? வண்டி குலுங்குறப்பல்லாம் நீங்களே அத ஆஃப் பண்ணிட்டிருக்கீங்க, மச்சான்."

நான் பணியவில்லை. எத்தனால் ஆவி உள்ளே ஏறி அந்த இடத்தை அரித்திருக்கும் என்றேன். எத்தனாலுக்கு எட்டாத இடமே கிடையாது என்றேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். கொடுத்த வாக்கு. கொடுத்தேன்.

வீட்டு வாசலில் இறங்கி நடந்தேன். சத்தமே இல்லை. எதிர்வீட்டு ஜன்னத்துல் பிர்தௌஸ் மாமி தலையைக்கூடத் தூக்கவில்லை.

போகட்டும். கார் என் பெயரில் இருக்கிறது. ஒற்றைச் சாவி என் பையில் இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் நாகூர் போய், ஒரு டீ குடித்து, எவனுக்கும் கணக்குச் சொல்லாமல் திரும்புவது என்று அடுத்த நாள் காலை சபதம் செய்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். அத்தர் பூசிக்கொண்டேன். காரை ஸ்டார்ட் செய்தேன். பூப்போல ஓடியது. கியரைப் போட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

வாசல் கேட்டில் பூட்டு தொங்கியது. அதன் சாவி கொத்தில்.

ஹாரன் அடிக்க என் மானம் இடம் தரவில்லை. இறங்கி உள்ளே போனேன். எங்கே போகிறேன், யாரோடு போகிறேன், மதியம் லுஹர் தொழுகைக்குள் வந்துவிடுவேனா, எல்லாம் கேட்டாள். எல்லாம் சொன்னேன். வரும்போது கொடுவா மீன் வாங்கி வரச் சொல்லிவிட்டு, கலகலவென்று முன்னால் நடந்தாள்.

"பெட்ரோல் பாத்துப் போடுங்க, மச்சான். அதுல என்னமோ கலக்குறாங்களாம்."

அன்றைக்குப் பிறகு என் கார் எந்த ரோட்டிலும் நின்றதில்லை. தினமும் காலையில் கேட்டுக்கு முன்னால் நான்தான் நிற்கிறேன்.