மாற்றம் சாரும் ஒரு வெள்ளைச் சட்டையும்

வீட்டில் எது கொட்டினாலும், எது உடைந்தாலும், இடுப்பில் கைவைத்து நின்று அதற்குப் பெயர் சூட்டும் ஓர் இனம் உலகில் உண்டு. பெயர் சொல்லியாகிவிட்டால் வேலை முடிந்தது என்பது இவர்கள் எண்ணம். துடைப்பம் எப்போதும் வேறு யார் கையிலாவதுதான் இருக்கும்.

நம் மாற்றம் சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம், அணுக்கரு மாற்றம் என்று எட்டாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே பாடத்தை நடத்தி நடத்தி, பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரே பெயராக நிலைத்துப்போன மனிதர். பால் பொங்கி வழிந்தால் மனைவி துணியைத் தேடி ஓடுவார். சார் கதவோரம் சாய்ந்து, "பொங்குனது இயற்பியல் மாற்றம், அடுப்புல கருகுனது வேதியியல் மாற்றம்" என்பார். கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கினால், "எத்தனை துண்டானாலும் கண்ணாடி கண்ணாடிதான்" என்று ஆறுதல் சொல்வார். யாருக்கு? காலில் குத்திக்கொண்ட மாமியாருக்கு!

இப்படிப்பட்டவர் கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுக்கலாமா? கொடுத்தார்கள். மகளுக்கு அன்று பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்தபின் வந்த முதல் அழைப்பு. இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை அப்பாவிடம் நீட்டி, "சீக்கிரம்ப்பா" என்றாள்.

சார் சட்டையின் முதுகை விரித்தார். பெட்டியை வைத்தார். அதற்குமேல் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"இந்தச் சுருக்கம் போகுது பாரு, இது இயற்பியல் மாற்றம். துணி அதே துணிதான், வடிவம் மட்டும்..."

வடிவத்தைக் காட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. பெட்டி சட்டைமேலேயே இருந்தது. வாடை வந்து, பதறி எடுத்துப் பார்த்தால், நட்ட நடு முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

சத்தியமாகச் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"வேதியியல் மாற்றம். இனி பழையபடி ஆகாது."

மகள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள். சமையலறையிலிருந்து மனைவி வந்து, சட்டையைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார். கரும்பலகையில் இத்தனை வருடம் வரைந்த தொடர்வினையை சார் அன்றுதான் நேரில் கண்டார்: ஒரு சொல் இரண்டாகி, இரண்டு நாலாகி, பால், டம்ளர், மாமியாரின் கால், தங்கள் கல்யாண வரவேற்பில் மெழுகுவர்த்தியைக் காட்டி அவர் எடுத்த பாடம் வரைக்கும் எல்லாம் வெடித்துக்கொண்டே போயிற்று. 'அணுக்கரு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். வாழ்க்கையில் அவர் விழுங்கிய ஒரே பெயர் அதுதான்.

பிறகு, பள்ளிக்கூடத்துக்கென்று போட்டிருந்த தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மகளிடம் நீட்டினார்.

"தொளதொளன்னுதான் இருக்கும். உள்ள விட்டு, கையை மடிச்சுக்கோம்மா. தப்பு என்மேலதான்."

பனியனோடு வாசல்வரை வந்து நின்ற அப்பாவைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா, வாய் துடிக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. நேரமாச்சு, கிளம்பு."

"பரவால்ல, சொல்லுங்க."

"அந்தக் கருகின சட்டைய... வகுப்புல காட்ட எடுத்துக்கட்டுமா?"

மகளுக்கு வேலை கிடைத்தது. அது அவள் கெட்டிக்காரத்தனம். அதில் சாருக்குப் பங்கு கிடையாது, சட்டையைத் தவிர.

அன்பரே, ஒன்று கேட்கிறேன். பழுப்பு முக்கோணத்தைப் பற்றிப் படித்தபோது உங்கள் மனத்தில் முதலில் வந்தது மகளின் முகமா, பாடத்தின் பெயரா? என்னைத் திருப்பிக் கேட்காதீர்கள். அந்தச் சட்டை இன்றும் என் வகுப்பறைச் சுவரில், ஓர் ஆணியில் தொங்குகிறது. ஆணி துருப்பிடித்துவிட்டது. அது என்ன மாற்றம் என்று இப்போது முணுமுணுத்தீர்களே, வீட்டில் எதற்கும் ஒரு நல்ல சட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள்.