புகை ஒழிப்புக் குழுவின் ஐந்தாவது உறுப்பினர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த மாபெரும் காரியம், எங்கள் பள்ளியில் ‘மாணவர் புகைப்பழக்க ஒழிப்புக் குழு’ தொடங்கப்பட்டதுதான். குழுவின் செயலாளர் நான் என்பதால் சொல்லவில்லை. உண்மையே அப்படி.

பிள்ளைகள் ஏன் சிகரெட்டைத் தொடுகிறார்கள் என்று கண்டறிவது எங்கள் திருப்பணி. தலைமையாசிரியர், பள்ளி மருத்துவர், விளையாட்டு ஆசிரியர், வேதியியல் ஆசிரியனான நான் என்று நான்கு பேர். ‘இளைய தலைமுறையின் குரல்’ வேண்டுமே என்று பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனை ஐந்தாவதாகச் சேர்த்தோம். வீட்டுப் பிள்ளை, எதிர்த்துப் பேச மாட்டான்.

கூட்ட அறையில் புகை பிடிக்கக் கூடாது. நாங்களோ கட்டுப்பாடான மனிதர்கள். ஆகவே கூட்டம் தொடங்கியதும் நால்வரும் எழுந்து பின்படிக்கட்டுக்குப் போய்விடுவோம். அங்கேதான் மூளை வேலை செய்யும். “எல்லாம் சினிமா பண்ற வேலை,” என்பார் மருத்துவர், மூக்கு வழியாகப் புகை விட்டபடி. “வளர்ப்பு சரியில்ல,” என்பேன் நான். அந்தப் படிக்கட்டுக்கென்று ஒரு பண்பாடும் உண்டு. யாராவது வாயில் சிகரெட்டோடு பக்கத்தில் வந்து நின்றால், முகத்தைக்கூடப் பார்க்காமல் லைட்டரை நீட்டிவிட வேண்டும். பேச்சு தடைபடக் கூடாது பாருங்கள்.

உள்ளே இளைய தலைமுறையின் குரல், நான்கு காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.

அவனுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. பள்ளி விட்டதும் மைதானத்தைப் பூட்டிவிடுகிறோம். பையன்கள் போக்கிடமில்லாமல் எதிர்க்கடை வாசலில் நிற்கிறார்கள். நிற்கிறவன் பிடிக்கிறான். பூட்டைத் திறந்துவிட்டால் போதும்.

இரண்டாம் கூட்டத்தன்று படிக்கட்டுக்கே வந்துவிட்டான்.

“அப்பா, அந்த மைதானத்தைப் பத்தி...”

“டேய், இங்க வராதே! புகை உடம்புக்கு ஆகாது. உள்ள போய் உக்காரு.”

பெற்ற மனம் பதறாதா? அவன் போனதும், மைதானத்தில் எங்கள் வண்டிகளை நிறுத்திக்கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

நேற்று கடைசிக் கூட்டம். ‘பெற்றோரின் அலட்சியம்’ பற்றி நான் படிக்கட்டில் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். வாயில் சிகரெட். பழக்கதோஷம், லைட்டரை நீட்டினேன். பற்றிக்கொண்டது. அப்புறம்தான் இருமல் கேட்டது. காய்ச்சல் நாட்களில் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தபோது கேட்ட அதே இருமல்.

கையை ஓங்கினேன். அந்தக் கையிலும் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

“எப்பலேர்ந்துடா இது?”

“இப்பலேர்ந்துதான்ப்பா. நீங்கதானே பத்த வெச்சீங்க?” கண்ணில் நீர் வழிய, தலைமையாசிரியர் பக்கம் திரும்பினான். “சார், சாயங்காலம் மைதானத்தைத் திறந்து விடுங்க சார். பசங்க விளையாடுவாங்க.”

தலைமையாசிரியர் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார். முழுதும் கேட்டார். “அட, நல்ல யோசனையா இருக்கே! ஏன் தம்பி முன்னாடியே சொல்லல?”

“உள்ளதான் சார் உக்காந்திருந்தேன்.”

தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது.

“சரி, அறிக்கைக்கு ஒரு கணக்கு வேணும்,” என்றார் தலைமையாசிரியர். “எத்தனை பேர் பிடிக்கிறாங்க?”

“எங்க வகுப்புல நாப்பதுக்கு மூணு பேர் சார். என்னையும் சேத்தா நாலு. இந்தக் கமிட்டியிலதான் அஞ்சுக்கு அஞ்சு.”

அறிக்கையை இன்று முடித்துவிட்டேன். பிள்ளைகளின் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பது ‘கெட்ட சகவாசம்’ என்று தெளிவாக எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.