பேசில் செடிக்குத் தகப்பனானவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே செடிகள் நலம். மனிதர்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இவர் ஓய்வு பெற்றால் எனக்குப் பேச்சுத் துணை ஆகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இவர் பேசுவதெல்லாம் பேசில் செடியோடு. துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு செடி அது. விதை கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். சீக்கிரம் முளைக்கட்டும் என்று அதை என் நல்ல கண்ணாடி டம்ளரில் ஊறப்போட்டு, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அது சர்பத்தில் போடும் சப்ஜா விதை மாதிரி ஊறி வழுவழுவென்று மிதந்தது. அந்த நேரம் பார்த்து வந்த நம் மாப்பிள்ளை, மாமியார் தனக்காகக் கலந்து வைத்த பானம் என்று நினைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்கு அத்தை, சர்க்கரைதான் போட மறந்துட்டீங்க" என்றார். துண்டோடு வந்து நின்ற இவர், "ஐயோ, அத்தனையும் குடிச்சிட்டீங்களா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை விஷத்தைக் குடித்துவிட்டதாகப் பயந்து குளியலறைக்கு ஓடினார். மகள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குற்றவாளி நான்தான், டம்ளர் என்னுடையதாயிற்றே.

மறுபடி விதைத்தது முளைத்துவிட்டது. முளைத்ததும் முளைக்காததுமாக, வீட்டில் ஃபேன் போடக்கூடாது, காற்று ஆகாதாம். சமையலறை ஜன்னலில்தான் வெயில் விழுகிறதாம். என் டப்பாக்களெல்லாம் தரைக்கு இறங்கின. மிக்ஸி போட்டால், "மெதுவா, மெதுவா, அதுங்க பயந்துக்கும்" என்கிறார். அண்ணா, நான் மூன்று பெற்றேன். அதுகள் அழுதபோது போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டவர் இவர். மூத்தவள் எந்த வகுப்பு என்று பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் விசாரித்தவர். இப்போது நெருக்கமாக முளைத்ததில் நோஞ்சானைப் பிடுங்க வேண்டும் என்றதும் கண்ணில் தண்ணீர்! "என்னால முடியாது, நீயே பிடுங்கிடு" என்று வெளியே போய்விட்டார். நம் அம்மா போன அன்று இவர் கண் எப்படி இருந்தது என்று நீங்களே பார்த்தீர்கள்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுக்காரி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இவர் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஈரம் சரியா இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வயிறு எரிகிறது அண்ணா. இந்த மனுஷனுக்குப் பாசம் காட்டத் தெரியாது, பாவம் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் பொறுத்துப் போனேன். தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். துணிமணியைக் கட்டிவிட்டேன். உங்கள் வீட்டுப் பின்னறை எனக்குப் போதும்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள். இவரும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்வார், நான் எழுதுவது தெரிந்தால்.

உங்கள் தங்கை.

பி.கு.: வண்டி வேண்டாம். நேற்று இவர் மீன் வளர்க்க ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்துவிட்டார். செடிகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் நான் பார்த்தபோது எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், மெல்ல நிமிர்ந்துகொண்டன. விட்டுவிட்டு எப்படி வர? இவர் பெற்றதையெல்லாம் நான்தானே வளர்த்திருக்கிறேன்.