கரையில் நின்று பிடித்த விரால்

மீன் பிடிக்கிறவர்களைத் தூண்டில்காரர், வலைக்காரர், கூடைக்காரர் என்று ஏதேதோ பிரித்து வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் சும்மா. உலகத்தில் மீன் பிடிக்கிறவர்கள் இரண்டே இனம்தான்: கையால் பிடிப்பவர், வாயால் பிடிப்பவர். முதல் ஆளுக்குச் சேறு, இரண்டாம் ஆளுக்குப் பேர். அந்த இரண்டாம் இனத்தைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேச உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கரைக்காரர்.

கரைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சந்தில் லாரி பின்னால் வரும்போது எங்கிருந்தோ முளைத்து, "வா, வா, ஒடி, ஒடி, போதும்" என்று வண்டியைத் தட்டிவிட்டு, அதை மாமல்லபுரத்திலிருந்து தானே ஓட்டி வந்த களைப்போடு முகத்தைத் துடைத்துக்கொள்வாரே, அவர்தான். கல்யாண வீட்டில் சமையற்காரர் விடியற்காலையிலிருந்து அடுப்பில் வெந்து இறக்கிய சாம்பாரில் கரண்டியை வாங்கி ஒரே ஒரு கிண்டு கிண்டிவிட்டு, "இப்பத்தான் சாம்பார் கணக்கா கீது" என்பாரே, அவரும்தான். தேர் இழுக்கும்போது வடத்தைத் தொடமாட்டார். ஆனால் தேர் நிலைக்கு வந்ததும் குரல் கட்டிப்போயிருப்பது அவருக்குத்தான். இழுத்தவர்களுக்குக் குரல் ஏன் கட்டப்போகிறது? அவர்களுக்குக் கைதானே காய்த்துப்போயிருக்கிறது!

எனக்குத் தெரிந்த கரைக்காரர்களில் தலையாயவர் நமச்சிவாயம். சாலவாக்கம் பக்கத்துக் கிராமம், ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பது வருஷம் உத்திரமேரூர் தாலுகாவையே அளந்தவர் என்று பேர். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் வரப்பிலும் ஓடியது வேறு ஆள். குடைக்கடியில் நின்று "இன்னும் கொஞ்சம் லெப்ட்ல போ" என்றது இவர். வேலை போனாலும் பழக்கம் போகுமா?

போன வைகாசியில் அந்த ஊர் ஏரியில் மீன் வேட்டை. குத்தகைக்காரர் தன் வலையைப் போட்டு எடுத்துக்கொண்டு போன பிறகு, மதகுப் பக்கம் மிஞ்சுகிற முழங்கால் சேற்றிலும் இடுப்பளவு தண்ணீரிலும் ஊர்க்காரர்கள் இறங்கலாம் என்பது அங்கே வழக்கம். அவரவர் வீட்டு ஆட்கள், கூட்டாளிகள், வெளியூரிலிருந்து வந்த உறவு என்று குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். வீராசாமி குடும்பமும் இறங்கியது. வீராசாமி விவசாயி, நமச்சிவாயத்துக்குப் பங்காளி. வேட்டையில் அவருடைய கூட்டாளி வேதகிரி, ஊரில் வலை வீசத் தெரிந்த நாலு பேரில் ஒருவர்.

இன்னொருவரும் இறங்கினார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவர் சுகுமார். வீராசாமியின் மகள் ஜெயப்பிரியாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டவர். காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம், பட்டுக்கடையில் பில் போடும் வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷமாக வீராசாமி மருமகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தாலும் மனைவி சொக்கம்மாள் மூலமாகத்தான் பேச்சு. "தறியில உக்காந்த பரம்பரை, நம்ம சேத்துல கால வெக்குமா கேளு" என்பார். சொக்கம்மாள் கேட்கவே மாட்டார். மருமகன் காதில்தான் விழுந்துவிட்டதே, திரும்ப வேறு எதற்குக் கேட்பது?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏரி மீன் விருந்தில் இருப்பதிலேயே பெரிய மீனின் தலை, அதைப் பிடித்தவர் இலைக்குத்தான். அதையும் வீட்டுப் பெரியவர் தன் கையால் வைத்து, "துன்னு" என்று சொல்ல வேண்டும். மந்திரியே வந்து உட்கார்ந்தாலும் அவருக்கு நடுத்துண்டுதான். வீராசாமியின் அப்பா காலத்திலிருந்து இது ஒருமுறைகூட மாறியதில்லை. அன்று காலையில் ஜெயப்பிரியா புருஷனைத் தனியாக இழுத்துச் சொன்னாள்: "எப்பிடியாச்சும் பெருசா ஒண்ணப் புடிச்சிரு. எங்க நைனாவுக்கு வேற வழியே கெடையாது. ஒன் எலைல வெச்சித்தான் ஆவணும், பேசித்தான் ஆவணும்."

பாவம் சுகுமார். நீச்சல் தெரியாது, வலை தெரியாது. புடவை மடிக்கத் தெரியும். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்.

இனி நம்ம ஆள் வருகிறார். கரைக்காரர் ஏரிக்கு வருகிற அழகே தனி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, குடை ஒன்று, தண்ணீர் பாட்டில், தலையில் துண்டு. நாற்காலியைக் கரை மேல் வேப்பமர நிழலில் போட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து வேட்டியைத் தொடை வரைக்கும் மடித்துக் கட்டினார். இதோ இறங்கப் போகிறார், இதோ இறங்கிவிட்டார் என்று நமக்கே மூச்சு முட்டும். தண்ணீரை ஒரு பார்வை பார்த்து, "நான் எறங்கினேன்னு வெச்சிக்கோ, அப்புறம் ஒங்களுக்கு வேலையே இருக்காது" என்று சொல்லிவிட்டு, எல்லாருடைய வேலைவாய்ப்பையும் உத்தேசித்துத் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாய்யா வேதகிரி, தூங்கிக்கினு கீறியா? கோரைப் பக்கம் போ! அங்கதான் விரால் கீது!"

கோரைப் பக்கம் போனார்கள். ஒரு பழைய செருப்பு கிடைத்தது.

"அப்ப மேற்கால போ!"

மேற்கே போனார்கள். அங்கே கிடைத்தது அந்தச் செருப்பின் ஜோடி. இப்படி ஏரியின் எட்டுத் திசையையும் சர்வேயர் அளந்து முடிப்பதற்குள் பொடி மீன் இரண்டு பானை நிரம்பிவிட்டது. அது அவர் சொல்லாத இடத்தில் கிடைத்தது. வீராசாமி அந்தப் பானைகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விதி அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்?

மதகுக் கல்லுக்கடியில் ஒரு பொந்து. வலை வீசத் தெரியாததால் ஓரமாகத் துழாவிக்கொண்டிருந்த சுகுமாரின் கை அதற்குள் போனது. வழவழவென்று தொடை கனத்தில் ஏதோ தட்டுப்பட்டது. விரால்! இரண்டு கையாலும் செவுளைப் பார்த்துப் பிடித்தார். பிடித்த அதே நொடியில் வலக்கையில் சுரீர் என்றது. தேளி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேளி என்பது சேற்றில் கிடக்கும் கறுப்பு மீன். பக்கத்து முள்ளால் குத்தினால் தோள்பட்டை வரை நெருப்பு ஓடும். ஏரியிலேயே பிறந்து வளர்ந்த ஆளும் தேளி குத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு "அய்யோ நைனா" என்று கரைக்கு ஓடிவருவார். சுகுமார் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விராலை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, அப்படியே சேற்றில் விழுந்து, புரண்டு, எழுந்து, கரைக்கு வந்தார். ஆளைப் பார்த்தால் கண்ணும் விராலும் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. மூன்று கிலோ இருக்கும்.

அப்போது கரைக்காரர் என்ன செய்தார்? முதல் முறையாக வேப்பமர நிழலை விட்டுக் கீழே இறங்கினார்.

"பாத்தியா! மதகாண்ட பாருன்னு நான் சொன்னேனா இல்லையா?"

சொல்லவே இல்லை. ஆனால் கேட்ட வேகத்தில் வேதகிரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. நமச்சிவாயம் விராலை வாங்கினார். செவுளில் விரல் கொடுத்துத் தூக்கினார். எங்கிருந்தோ ஒரு கைப்பிடிச் சேற்றை எடுத்து முட்டியில் பூசிக்கொண்டார். போனை நீட்டி, "தம்பி, ஒரு போட்டோ எடு" என்றார். படத்தை எடுத்தது யார் தெரியுமா? சுகுமார். வலக்கை விரல் மடங்காததால் இடக்கையால் எடுத்தார். ஐந்தாவது நிமிஷம் அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் "இன்றைய வேட்டை" என்று வந்துவிட்டது. ஆறாவது நிமிஷம் வீராசாமிக்குப் போன்: "யோவ், புடிச்சிட்டேன்யா! அஞ்சு கிலோ!"

அந்த மாப்பிள்ளைதான் வாயைத் திறந்து சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? இரண்டு வருஷமாகப் பேசாத மாமனாரிடம் முதல் பேச்சே "அது நான் பிடிச்சது" என்றா இருக்கும்? கையால் பிடிப்பவர்களுக்கு எப்போதும் இந்தக் கஷ்டம்தான். அவர்களுடைய வாய் வேலை பழகியிருக்காது.

மதியம் பந்தி. நடுக்கூடத்தில் வரிசையாக இலை. முதல் இலையில் நமச்சிவாயம், பக்கத்தில் வேதகிரி, அப்புறம் கூட்டாளிகள், நடுவில் நான், கடைசி இலையில் சுகுமார். சர்வேயர் கதையை ஆரம்பித்துவிட்டார். பொந்து வந்தது, விரால் வந்தது, விராலோடு அவருடைய கையும் உள்ளே போய்விட்டது. வேதகிரி மூன்று தடவை, "அது வந்து, நம்ம சுகுமாரு..." என்று தொடங்கினார். மூன்று தடவையும் "ஆமா, சுகுமாரு கூட இருந்தாப்ல, நல்ல பையன்" என்று நமச்சிவாயம் அந்த வாக்கியத்தை மூடி வைத்தார். பேச்சை மடை மாற்றுவதில் அவருக்கு இணை அந்த ஏரியில் இல்லை.

சொக்கம்மாள் விரால் தலையைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்து புருஷனிடம் கொடுத்தார். அடுக்களை வாசற்படியில் ஜெயப்பிரியா. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நமச்சிவாயம் சோற்றின் நடுவில் தலைக்கென்று அளவெடுத்த மாதிரி ஒரு குழி பறித்து வைத்திருந்தார். அளப்பதுதான் அவர் தொழில் ஆயிற்றே!

வீராசாமி கரண்டியோடு குனிந்தார். குனிந்தவர், கடைசி இலையில் சோறு பரிமாறியபடியே கிடப்பதைப் பார்த்து நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"சொக்கு, நம்ம வூட்டு சோறு எறங்காதா அவருக்குன்னு கேளு."

சொக்கம்மாள் வழக்கம்போலக் கேட்கவில்லை. சுகுமார் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த வலக்கையை மெதுவாக முன்னால் எடுத்தார். அது பூரி போல உப்பியிருந்தது. இடக்கையால் சாப்பிடுவது மரியாதையில்லை என்று அந்தப் பிள்ளை பசியோடு சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வீராசாமி அந்தக் கையையே பார்த்தார். ஏரிக்காரருக்கு அதைப் படிக்க எழுத்துத் தேவையா?

"தேளியா?"

நேராக மருமகனைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்டுவிட்டோம் என்பது அவருக்கே அப்புறம்தான் உறைத்திருக்கும்.

"ஆமா மாமா."

"எப்ப?"

"மதகாண்ட. விரால் கையில இருக்கறப்ப."

"தேளி குத்தியுமா விரால வுடல?"

"வுட்டா போயிடும்ல மாமா."

வேதகிரி நாலாவது தடவையாக வாயைத் திறந்தார். இந்த முறை யாரும் மூடவில்லை. "அதத்தான்பா காலைலேர்ந்து சொல்ல வந்துக்கினே கீறேன்!" என்றார்.

கரண்டி நமச்சிவாயத்தின் குழியைத் தாண்டிப் போனது. கடைசி இலை முன்னால் வீராசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலையை இலையில் வைத்தார். கையில்லாதவன் விரால் தலையை எப்படிச் சாப்பிடுவான்? அவரே கன்னத்துச் சதையைப் பிய்த்து, முள் பார்த்து, சோற்றில் பிசைந்து, உருட்டி நீட்டினார். "துன்னு மாப்ள" என்றார். வாசற்படியில் இருந்தவள் உள்ளே ஓடிவிட்டாள். நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குழம்புக் காரம் என்று பொய் சொல்ல மாட்டேன், அழுகைதான்.

கரைக்காரர் அப்படியே கூனிக் குறுகியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. வால் துண்டை வாங்கிக் குழியில் போட்டுக்கொண்டு, "தேளி கீது, ஜாக்கிரதைன்னு அப்பவே சொன்னேன்" என்றார். மறுநாள் காலையில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவர் பேசியதை என் காதால் கேட்டேன். விரால் ஏழு கிலோ ஆகியிருந்தது. ஆனால் விராலைப் பற்றிய பேச்சை அவர் சீக்கிரமே முடித்துவிட்டார், அதைவிடப் பெரிதாக ஒன்று மாட்டியிருந்தது.

"ரெண்டு வருசம் மூஞ்சி பாத்துப் பேசாத மாமனாரு மருமகன். ஊரே பஞ்சாயத்து பண்ணிப் பாத்துது, முடியல. ஒரே நாள்ல நான் சேத்து வெச்சேன்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொந்துக்குள் கை போனது, சுரீர் என்றது என்று கூடவே இருந்த மாதிரி எழுதினேன் அல்லவா? அன்றைக்கு நான் ஏரிப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டுக்குத்தான் போனேன். மற்றது வேதகிரி சொன்னது, கொஞ்சம் நான் போட்டது. நீங்களும் இதை நாளைக்கு யாரிடமாவது சொல்வீர்கள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வூட்ல நடந்தது" என்று ஆரம்பிப்பீர்கள். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பந்தியில் உங்களுக்கும் ஓர் இலை விழுந்திருக்கும். அதற்கும் அடுத்த வாரம், அந்த வீங்கிய கையை முதலில் கவனித்தவரே நீங்கள்தான்.